உப்பில்லாத ஆணம்

சரீபாவின் புருஷன் அபூசாலி கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடைச் சேல்ஸ்மேன். வாய்ப்பந்தல் போடுவதில் அவனை விஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவன் மூன்று வருஷமாகப் பெண்சாதியோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? யாரும் நம்பவில்லை. அதுதான் சரீபாவின் வயிற்றெரிச்சல்.

சண்டை வந்தது ஒரு சீத்தைத் துணியால். எழுபத்தொன்பதாம் ஆண்டு, பெருநாள் நெருங்கிய சமயம். வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு, "கிழிஞ்சாலும் கிழியும், சாயம் போகாது" என்று அபூசாலி துணியை விரித்துக்கொண்டிருந்தான். மகளுக்குச் சட்டை எடுக்கப் போயிருந்த சரீபா பக்கத்தில் நின்று, "முதல் கழுவலிலேயே போகும். எனக்கும் இதத்தான் எடுத்துத் தந்தவர்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் துணியை வைத்துவிட்டுப் போனாள். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு மூடிய வாய்தான்.

வெளியே கிடையாது, வீட்டில் மட்டும். பசித்தால் பூனையிடம் சொல்வான்: "சோறு போடச் சொல்லு." சரீபா ஒருநாள் அந்தப் பூனையைச் சாக்கில் கட்டி, நெல் ஏற்ற வந்த உழவு இயந்திரப் பெட்டியில் போட்டு ஊர் கடத்தினாள். அவன் அடுத்த நாள் சுவரிடம் சொன்னான்.

வீடு அவளுடையது. இந்தக் கரையில் பெண்ணுக்குத்தான் வீடு எழுதுவார்கள், மாப்பிள்ளை வந்து குடியிருப்பான். கதவைச் சாத்தி அனுப்ப ஒரு நிமிஷம் போதும். ஆனால் அனுப்பினால் உம்மா வீட்டில் போயிருந்து வாய் நிறையக் கதைப்பான். அது அவனுக்குத் தண்டனையா? விடுதலை. என் கூரைக்குக் கீழே, என் முகத்தைப் பார்த்து இவன் வாய் திறக்க வேண்டும் என்று சரீபா நெஞ்சுக்குள் சத்தியம் செய்துகொண்டாள்.

மூன்றாம் வருஷம் ஆணம் என்கிற குழம்புக்கும் கறிக்கும் உப்புப் போடுவதை நிறுத்தினாள். 'உப்பில்லை' என்று குறை சொல்லவாவது வாய் திறக்கத்தானே வேண்டும்! அவன் திறக்கவில்லை. எழுந்து போய் உப்புச் சிரட்டையை எடுத்து வந்தான். சிரட்டையை ஒளித்து வைத்தாள். கடையிலிருந்து உப்பைப் பொட்டலமாகக் கட்டிச் சாரன் மடிப்பில் செருகி வந்தான். சரீபா பல்லைக் கடித்துக்கொண்டு தானும் சப்பென்ற சோற்றைத் தின்றாள். மகளுக்கு மட்டும் தனியாக எடுத்து உப்புப் போட்டுக் கொடுத்தாள்.

கடைசியில் அவளுடைய அண்ணன், றவூப் காக்கா, "பெரிய மனிசர் ஆரையும் கூப்பிட்டுக் கதைச்சுத் தீர்ப்பம்" என்றான். பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காயர் அச்சிமுகம்மது வந்தார். சமாதானம் பேச வருகிறவருக்குச் சாப்பாடு வைக்காமல் முடியுமா? விடிந்ததிலிருந்து சமைத்தாள். முன்னறையில் ஆண்கள் சகன் என்ற பெரிய பொதுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சரீபா திரைக்கு உள்ளே நின்றாள். அவளுடைய வழக்கை றவூப் தயங்கித் தயங்கிச் சொன்னான். தன்னுடைய வழக்கை அபூசாலி துணி விரிப்பதுபோல் விரித்தான்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பழகிய கை அன்றைக்கும் உப்பை மறந்துவிட்டது! வெட்கத்தில் உடம்பு கூசியது. மரைக்காயரோ, "மாஷா அல்லாஹ், இப்பிடி ஒரு மீனாணம் என்ட ஆயுசில தின்டதில்ல" என்றார். கை கழுவிக்கொண்டே தீர்ப்பும் சொன்னார்: "மாப்பிள தங்கமான மனிசன். புள்ளதான் கொஞ்சம் பொறுமையா இரிக்கணும்."

சரீபாவின் வெட்கம் அந்த நொடியே கோபமாக மாறியது. நாக்கு சொன்ன உப்பில்லாக் குறையையே மறைத்துப் பேசுகிறவர், என் வீட்டு நியாயத்தை எப்படி நேராகச் சொல்வார்?

அடுத்து வந்த மௌலவிக்கு வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்தாள். "நல்ல கைப்பக்குவம்" என்றார். பொறுமையின் சிறப்பைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டுப் போனார். கலியாண வழக்குகளைத் தீர்க்கிற காதியாரும் வந்தார், இரண்டாம் முறையும் ஆணம் வாங்கி ஊற்றிக்கொண்டார். "பொறுமை" என்றார். ஆணுக்குப் பொறுமை சொல்ல இந்த ஊரில் ஒரு வாய் இல்லையா என்று சரீபா அடுப்பைப் பார்த்துப் பொருமினாள்.

அப்போதுதான் அவளுக்கு றாபியாவின் நினைவு வந்தது. அபூசாலியின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. சரீபாவின் கலியாணச் சாப்பாட்டிலேயே, "இறைச்சி வேகல்ல, பொண்ணு வீட்டாருக்கு விறகில்லயா?" என்று நாலு பேர் கேட்கக் கேட்டவள். வாய்க்குப் பயந்து அவளை யாரும் விருந்துக்கு அழைப்பதில்லை. சரீபாவும் அந்த விறகுக் கதையை மறக்கவில்லை. ஆனால் ஒன்று: அன்றைக்கு இறைச்சி வேகாதது உண்மை.

மானத்தை மடித்து வைத்துவிட்டுப் போய் றாபியாவின் வாசலில் நின்றாள். "மதினி, ஒருக்கா நம்மட ஊட்ட வந்து சாப்பிடுங்க."

"என்னடி, நஞ்சு வெக்கப் போறியா?" என்றாள் றாபியா. ஆனாலும் வந்தாள்.

வந்தவள் முதலில் திரையைப் பிடித்து ஒரு பக்கமாக ஒதுக்கினாள். தம்பியோடு ஒரே சகனில் உட்கார்ந்து ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தாள். உடனே முகம் சுருங்கியது.

"ஏன்டி, இந்த ஊட்டில உப்புக்கும் பஞ்சமா?"

சரீபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அல்லாஹ்வே, மூன்று வருஷத்தில் இந்த வீட்டில் ஒருவர் உண்மை சொல்லிவிட்டார்!

றாபியா தம்பியின் பக்கச் சோற்றில் தொட்டுப் பார்த்தாள். அதில் உப்பு இருந்தது. "மடியில என்னடா?" அவன் நெளிந்தான். அவளே எட்டிப் பொட்டலத்தை உருவினாள். பிரித்துப் பார்த்தாள். உப்பு.

"ராத்தா, ஒரு வருசமா இவள் உப்பில்லாமத்தான்..."

"எனக்கேன் சொல்றாய்? சமைச்சவள் அங்க நிக்கிறாள். அவளுக்குச் சொல்லு."

"கடையில வெச்சு என்ட மானத்த வாங்கினவள்."

"அதயும் அவளுக்குச் சொல்லு." பிறகு சரீபாவிடம் திரும்பினாள். "சாயம் போனது மெய். ஊட்ட வந்து சொல்லியிருக்கணும். கடையில சொன்னது பிழை."

"ஓம் மதினி, பிழைதான்."

"நீயும் எனக்குச் சொல்லாத."

சரீபா புருஷனைப் பார்த்தாள். "கடையில சொன்னது பிழை." அதற்குமேல் ஒரு சொல் சேர்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

அபூசாலி சுவரைப் பார்த்தான். "செவர் சமைக்கல்ல" என்றாள் றாபியா. சகனில் கை காயக் காய அவள் எழும்பவில்லை, அவனையும் எழும்ப விடவில்லை. ஊரையே பேசி மயக்குகிற அந்த வாய் திறப்பதும் மூடுவதுமாகத் தவித்தது. சரீபா இமை கொட்டாமல் பார்த்து நின்றாள். உப்பில்லாமல் தின்ற ஒவ்வொரு பிடி சோறும் அந்தப் பொழுதில் அவளுக்கு இனித்தது.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்போது அவன் தலை நிமிர்ந்தான்.

"சரீபா... ஆணத்தில உப்பில்ல."

"தெரியும்" என்றாள் சரீபா.

றாபியா பொட்டலத்தை அவள் கையில் வைத்து அழுத்தினாள். "இனி இது உன்ட பொறுப்பு." போகும்போது, "சோறும் குழைஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மறுநாளும் சரீபா ஆணத்துக்கு உப்புப் போடவில்லை. சிரட்டையைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு புருஷனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அபூசாலி மடிப்பைத் தடவினான். அது வெறுமையாக இருந்தது. சிரட்டைக்குக் கை நீட்டினான். அவள் நகர்த்தி வைத்தாள்.

"வேணுமெண்டா கேளுங்க."

கேட்டான். அடுத்த நாளும் கேட்டான். வருஷங்கள் போயும் அந்த வீட்டில் அவனுக்கான கறியில் உப்பு விழவில்லை. "உப்புத் தா" என்று மட்டும் கேட்டால் சரீபாவுக்குக் காது கேட்காது. "உப்புத் தா, சரீபா" என்று கேட்க வேண்டும்.