டீசல் குழாயில் வந்த குமிழிகள்

இரண்டு வருடத்துக்கு முன், மழை விட்டிருந்த ஒரு ஆகஸ்ட் காலை. பாராடாங் தீவு ஜெட்டியில், வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் ஃபெர்ரிக்காக என் காருடன் வரிசையில் காத்திருந்தேன். பக்கத்து சீட்டில் மகள். சென்னையில் கல்லூரி சேரப் போகிறாள். அன்று மதியம் போர்ட் பிளேரிலிருந்து மெயின்லேண்ட் கப்பல்.

அக்கரையில் இறங்கினால் காப்புக்காடு. போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும் கான்வாயோடு சேர்ந்துதான் அதைக் கடக்க வேண்டும், நடுவில் எங்கும் நிறுத்தக் கூடாது. அந்தக் கான்வாயை விட்டால் கப்பல் போய்விடும். அடுத்த கப்பல் வருவதற்குள் அட்மிஷனும் போய்விடும்.

திக்லிபூரிலிருந்து முந்தின நாள் கிளம்பிய என் பழைய டீசல் கார், ஓடும்போது ஒழுங்காகத்தான் இருந்தது. நின்றால்தான் குலுங்கியது. ரியர் வியூ கண்ணாடியில் அலையாத்திக் காடு முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் நெளிந்தது. பனிமூட்டம், அதற்குள் பச்சை, அதற்குள் ஒரு வெள்ளைக் கொக்கு. கொஞ்ச நேரம் மயங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு டாஷ்போர்டுப் பிள்ளையார் தலையாட்ட ஆரம்பித்தார். மயக்கம் தெளிந்தது.

இன்ஜெக்டர் போச்சு, பம்பு போச்சு, பிஸ்டன் போச்சு என்று மனசு வரிசையாகச் சாவுச் செய்தி வாசித்தது. எங்கள் தீவில் ஸ்பேர் பார்ட் கப்பலில்தான் வரும். இப்போது கப்பலைப் பிடிக்கவே ஸ்பேர் பார்ட் வேண்டும்.

"வண்டிதானப்பா நடுங்குது. நீங்க எதுக்கு ஸ்டியரிங்க இப்படிக் கட்டிப்புடிச்சிருக்கீங்க?" என்றாள் மகள்.

"அது கீழ விழுந்துடாம பாத்துக்கிறேன்."

எங்கள் முறை வந்தபோது, வண்டிகளை ஏற்றிவிடுபவர் கையை நீட்டி மறித்தார். "உள்ள இன்ஜின் ஆஃப் பண்ணணும். திரும்ப ஸ்டார்ட் ஆகலன்னா பின்னாடி உள்ளவன் எல்லாம் ஃபஸ் ஜாயேகா, மாட்டிக்குவான். ஓரம் கட்டுங்க."

ஓரம் கட்டினேன். மற்ற வண்டிகள் எங்களைத் தாண்டி ஏறின. பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. "அடுத்த வருஷம்கூட சேரலாம்மா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மகள் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

அப்போதுதான் ஃபெர்ரியின் இன்ஜின் டிரைவர், கிரீஸ் படிந்த பனியனோடு இறங்கி வந்தார். "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அது மூச்சு விடட்டும்." பிறகு பேச்சுவாக்கில் சொன்னார், கட்சல் தீவு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவராம். இலங்கை மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம்.

நான் எனக்குத் தெரிந்த எல்லா நோய்களையும் ஒப்பித்தேன். "அவ்வளவும் இருந்தா இது இங்க வரைக்கும் வந்திருக்காதே. டென்ஷன் மத் லோ, பதறாதீங்க" என்றார்.

தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். தூரத்துப் பாட்டைக் கேட்பவர்போல இருந்தது. நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். என் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது, அதுவும் ஒழுங்கில்லாமல்.

ஸ்பேனரால் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். ஒன்றைத் தளர்த்தியதும் இன்ஜின் சோர்ந்தது, இறுக்கியதும் தேறியது. நாலுக்கும் அப்படியே. "நாலு பேரும் ஒழுங்காத்தான் வேலை பாக்குறாங்க. சாப்பாடுதான் சரியா வரல. ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப் பண்ணா எழுந்திரிக்காதுங்க."

"எழுப்புறது என் வேலை."

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மகள் எட்டிச் சாவியைத் திருப்பிவிட்டாள்.

அவர் ஃபெர்ரிக்குள் போய் கண்ணாடி போன்ற ஒரு துண்டுக் குழாய் கொண்டுவந்தார். வளையும் பிளாஸ்டிக், உள்ளே ஓடுவது தெரியும். டீசல் ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே அதைச் செருகி, ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பொன்னிறமாக டீசல் ஓடியது. அதற்குள் சின்னச் சின்னக் குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் மிதந்து போயின. ஊர்வலம் மாதிரி இருந்தது. என் மகளின் படிப்பைக் கெடுக்க வந்தவை இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"எங்கயோ காத்து இழுக்குது."

அவர் விரல் குழாயோடு பின்னால் போய், ஃபில்டருக்கு முந்தின இணைப்பில் நின்றது. அங்கே தூண்டில் நரம்பு இருபது சுற்று, மேலே மூன்று முடிச்சு. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல என்ன மீன் புடிக்கப் பாத்தீங்கண்ணே?"

முதலில் சிரித்தது மகள்தான். என் கைவேலை அது. போன மாதம் அந்த இணைப்பு தளர்ந்திருந்தது. கிளாம்ப் கப்பலில் வரும்வரை யார் காத்திருப்பது? வாளிப் பிடியிலிருந்து மூக்குக்கண்ணாடிவரை நாங்கள் தூண்டில் நரம்பால்தான் கட்டுவோம். பெருமையாக நாலு பேரிடம் காட்டவும் செய்தேன். நரம்பு ரப்பர் குழாயை அறுத்துவிட்டது. டீசல் வெளியே ஒழுகவில்லை, காற்று உள்ளே போயிருக்கிறது.

அறுந்த நுனியை வெட்டிவிட்டு, மறுபடி செருகி, பாக்கெட்டிலிருந்த கிளாம்பை மாட்டினார். கைப்பம்பை அழுத்த அழுத்த குமிழிகள் குறைந்தன. கடைசிக் குமிழி வளைவில் சற்றுத் தயங்கி, பிறகு போனது. ஸ்டார்ட் செய்தேன். கண்ணாடியில் காடு அசையாமல் நின்றது.

"வாங்க, ஏத்துங்க" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் ஓடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லா வண்டியும் ஏறிய பிறகும் ஃபெர்ரி ஏன் கிளம்பவில்லை? அதன் இன்ஜின் டிரைவர் என் பானெட்டுக்குள் இருந்தார். இரண்டு பஸ், ஒரு லாரி, கார்கள், அத்தனை பேரும் காத்திருந்தார்கள். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. நான் கூனிக் குறுகி ஏற்றியபோது, சரியாகிவிட்டதா என்று பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பெங்காலி அம்மா கேட்டார்.

"ஹோ கயா?"

"ஹோ கயா" என்றாள் மகள்.

கான்வாய் கிடைத்தது, கப்பலும் கிடைத்தது. மகள் இப்போது மூன்றாம் வருடம். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. உலகமே என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்று நான் ஜெட்டி ஓரத்தில் நடுங்கிக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரமும், அது எனக்காகத்தான் கயிற்றை அவிழ்க்காமல் நின்றிருந்தது என்பதை நினைத்தால், இன்றைக்கும் கொஞ்சம் வெட்கமாகவும் நிறைய நிம்மதியாகவும் இருக்கிறது.