புதுக் குளியலறையில் விழுந்தவள்

கொத்தனார் கூட்டத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். கலவைச் சட்டியைத் தலைக்கு ஏற்றும்போதும் பேசுவாள், இறக்கும்போதும் பேசுவாள். அப்படிப்பட்டவள், பெண் பிள்ளைகள் இல்லத்து வேலைக்கு வந்த அன்று வாயே திறக்கவில்லை. "என்ன ரேடியோ, கரண்ட் போயிடுச்சா?" என்று மேஸ்திரி கேட்டார்.

காரணம் அந்த இல்லத்துக்குள்ளேயே இருந்தது. ஒன்பது வயது, இரட்டைச் சடை. அவள் பெற்ற மகள்.

புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போன பிறகு, கட்டுகிற கட்டடத்தின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டுப் படுப்பதுதான் அவள் வாழ்க்கை. வேலை முடிந்தால் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போகவேண்டும். கதவில்லாத அந்த இடங்களில் பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். இந்த இல்லத்தைப் பற்றி யாரோ சொன்னார்கள். வந்து விசாரித்தால், தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம் என்றார்கள்.

இது என் அக்கா பிள்ளை, அக்காவும் அவள் புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று ஒரே போடாகப் போட்டாள். பிறக்காத அக்காவை உண்டாக்கி அன்றைக்கே சாகடித்தும் விட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று; பிள்ளையின் வாயை என்ன செய்வது? சேர்ப்பதற்கு முந்தைய வாரம் முழுக்க அவளை மடியில் உட்காரவைத்து, சித்தி என்று கூப்பிடப் பழக்கினாள். வாய் தவறி அம்மா என்று வந்தபோதெல்லாம் தொடையில் கிள்ளினாள். ஐந்து வயதுப் பிள்ளை, அழுதுகொண்டே கற்றுக்கொண்டது.

நான்கு வருஷம் ஓடிவிட்டது. ஒரு வியாபாரி, இறந்துபோன தன் மனைவியின் நினைவாக இல்லத்தைச் சீர்செய்யப் பணம் கொடுத்தார். ஒழுகுகிற கூரையை மாற்றவேண்டும். பிள்ளைகள் கும்பலாகக் குளித்த பழைய கொட்டடியை இடித்து, தாழ்ப்பாள் போட்ட தனித்தனிக் குளியலறைகள் கட்டவேண்டும். படுக்க ஒரு புது அறையும் வேண்டும். வேலையை எடுத்தது அவளுடைய மேஸ்திரி. பிள்ளையை இங்கே சேர்த்த பிறகுதான் அவர் கூட்டத்துக்கு வந்தாள்; அவளுக்கு மகள் இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது. வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார். வந்தால் தினமும் மகளைப் பார்க்கலாம். பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது; வந்துவிட்டாள்.

மகளோ எமகாதகி. முதல் நாளே எல்லோர் முன்னாலும் ஓடி வந்து, சித்தி, நீங்களா எங்களுக்குக் கட்டப்போகிறீர்கள் என்று கேட்டாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. தாய்க்கு நிம்மதியாக இருந்தது. அதற்குள் ஏதோ ஒன்று உறுத்தவும் செய்தது. அதைக் கவனிக்காமல் மணல் சலிக்கப் போனாள்.

மணல் சலிக்கிற இடம் பிள்ளைகளின் ஜன்னலுக்குக் கீழே. ஒரு நாள் மதியம் மகளின் குரல் கேட்டது. செத்துப்போன தன் அம்மாவைப் பற்றித் தோழிகளிடம் அளந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே முடியாம். கை மெத்தென்று இருக்குமாம். ஒருநாளும் அடித்ததே இல்லையாம். உன் சித்தி மாதிரி இருப்பாங்களா என்று ஒருத்தி கேட்டாள்.

"சேச்சே. எங்க அம்மா அழகு."

அவள் சல்லடையை வைத்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தாள். சிமெண்ட் அரித்த விரல்கள், வெடித்த நகங்கள். இல்லாத ஒருத்தியின் மேல் பொறாமை வந்தது. வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது. பொய்யைச் சொல்லிக்கொடுத்தவளே, பிள்ளை அதை இவ்வளவு அழகாகச் சொல்கிறதே என்று யாரிடம் போய் முறையிடுவது?

குளியலறையில் தரை ஓடு பதிக்கிற வேலை வந்தது. பிள்ளைகள் வழுக்கி விழாத மாதிரி சொரசொரப்பான ஓடாகப் போடுங்கள் என்று மேஸ்திரியை நச்சரித்து வாங்க வைத்தவள் அவள்தான். அந்த இடத்திலேயே, வேலை முடியும் முன்பே, மகள் விழுந்தாள். சித்திக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு திருட்டுத்தனமாக வந்தவள், ஓடு பதிக்கத் தரையில் கரைத்து ஊற்றியிருந்த சிமெண்ட் பாலில் கால் வைத்துவிட்டாள். உடைந்த ஓட்டின் முனை முழங்காலைக் கிழித்தது. பிள்ளையின் வாய் திறந்தது. ஒரு கணம் சத்தமே வரவில்லை. பிறகு, "சித்தீ" என்று அலறினாள்.

இல்லத்து வார்டன் ஓடி வந்து கட்டுப் போட்டார், மருந்து கொடுத்துப் படுக்கவைத்தார். அப்புறம் தாயைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எத்தனையோ வருஷமா பிள்ளைங்க விழறதப் பாத்துட்டிருக்கேன். அம்மா முகமே தெரியாத பிள்ளைகூட விழுந்தா அம்மான்னுதான் கத்தும். இவ மட்டும் யோசிச்சுக் கத்துறா. யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

ரேடியோ வாயைத் திறந்தாள். எல்லாமே வந்துவிட்டது. கிள்ளியதைக்கூட மறைக்கவில்லை.

வார்டன் திட்டியிருந்தால் தேவலை. அவர் மெதுவாகத்தான் பேசினார். இவளைச் சேர்த்த அதே வாரம், நாதியே இல்லாத ஒரு குழந்தையை யாரோ கொண்டுவந்தார்களாம். இடமில்லை என்று வாசலோடு திருப்பி அனுப்பினாராம். "அது இப்போ எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. தன் பிள்ளை தூங்கிய படுக்கை இன்னொரு பிள்ளையுடையது. இத்தனை நாள் இது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் வார்டன், பிள்ளையை வெளியே அனுப்பமாட்டேன் என்றார். புது அறை வந்துவிட்டது. தாய் மட்டும் இருந்து தவிக்கிற பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று பணம் கொடுத்தவரே சொல்லியிருக்கிறாராம். இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. பிள்ளையிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்று வார்டன் அனுப்பினார்.

மகள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தாய் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், யாரும் உன்னைப் போகச் சொல்லமாட்டார்கள் என்று விளக்கினாள். பிள்ளை தலையாட்டிக் கேட்டுக்கொண்டது.

"இனிமே அம்மான்னே கூப்பிடு கண்ணு. எல்லார் முன்னாடியும் கூப்பிடு."

மகள் வாசலைப் பார்த்தாள். அப்புறம் தாயின் கைகளைப் பார்த்தாள். போர்வையை இழுத்துத் தொடையை மூடிக்கொண்டாள்.

"கிள்ள மாட்டீங்கல்ல, சித்தி?"