எதிரே ஒரு நாற்காலி

சிதம்பரம் மேலவீதியில் உள்ள ஒரு துணிக்கடையில், முதல் மாடியின் சேலைப் பிரிவுக்கு மேலாளர் கயல்விழி. அதே கடையில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்து அப்பொறுப்புக்கு உயர்ந்தவர். எங்கள் தெருவில் குடியிருப்பவர். ஆதலால் இச்செய்திகள் எனக்குத் தெரியவந்தன.

அவர் நாக்கு சற்றுக் கூர்மையானது. தாமதமாக வருபவரையும் வேலை நேரத்தில் கைப்பேசியில் ஆழ்ந்திருப்பவரையும் அவர் சும்மா விட்டதில்லை. பெண்கள் முணுமுணுப்பார்கள். ஆயினும், அவருடைய மாடியை விட்டு வேறு தளத்துக்கு மாற்றல் கேட்டவர் எவருமில்லை.

கடைப் பணியாளருக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று சட்டம் வந்தபின், அக்கடையிலும் முக்காலிகள் வாங்கப்பட்டன. சில நாட்களிலேயே அவை சேலைகளை அடுக்கும் மேடைகளாகிவிட்டன. வாடிக்கையாளர் வந்தால் எழவேண்டும்; மேலாளர் கடந்து சென்றாலும் எழவேண்டும். உட்கார்ந்து உட்கார்ந்து எழுவதைவிட நின்றுகொண்டிருப்பதே எளிது என்று பெண்கள் முடிவு செய்திருந்தார்கள்.

அவர்களுள் ஒருத்தி கீரப்பாளையத்திலிருந்து பேருந்தில் வந்துபோகும் தமிழ்ச்செல்வி. அவளுடைய கால் நரம்புகள் புடைத்து, மாலையானால் செருப்பு நுழையாத அளவுக்குப் பாதங்கள் வீங்கின. நெடுநேரம் நிற்கலாகாது என்றார் மருத்துவர். அவள் ஊதியத்தை நம்பியே அவள் வீடு இருந்தது. கயல்விழி முதலாளியிடம் சென்று பேசினார்.

"ஆடித் தள்ளுபடி முடியட்டும். அப்புறமும் நிக்க முடியலன்னா, வேலைய விட்டு நின்னுக்கச் சொல்லு" என்றார் முதலாளி.

"நிக்க முடியாதவளத்தான் நிக்கச் சொல்றீங்களாண்ணே?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. மனம் மட்டும் மாறவில்லை. "கஸ்டமர் நிக்கறப்ப நம்ம பொண்ணு குந்திக்கினு இருந்தா கடைக்கு என்னா மரியாத?"

"அப்ப கஸ்டமரே உக்காந்துட்டா?"

"அவுங்க உக்காந்தா நல்லதுதான். ஜாஸ்தி நேரம் பாப்பாங்க."

கயல்விழிக்கு அந்த ஒரு சொல் போதும். கிடங்கில் கிடந்த உயரம் குறைந்த மேசை ஒன்றைத் துடைத்து, நூல்சேலைகள் இருந்த மூலையில் போடச் செய்தார். வாடிக்கையாளருக்கு இப்பக்கம் இரண்டு நாற்காலிகள். அவற்றுக்கு எதிரே ஒன்று. அவ்விடத்துக்குத் தமிழ்ச்செல்வியை மாற்றினார்.

"அவுங்க உக்காரச் சொல்றவரைக்கும் நீ நில்லு" என்றார்.

"சொல்லலன்னாக்கா?"

"சொல்லுவாங்கடி. எதிர்ல ஒருத்தி நிக்கறதப் பாத்துக்கினு நம்ம ஊரு பொம்பளைங்களால சும்மா உக்காந்திருக்க முடியாது."

முதலில் வந்த அம்மையார் அமர்ந்தார். தம் கைப்பேசியை எடுத்தார். நெடுநேரம் சேலை பார்த்தார். ஒன்றும் வாங்காமல், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். தமிழ்ச்செல்வி நின்றபடியே இருந்தாள்.

"என்னாக்கா, உங்க ஊரு பொம்பள இன்னிக்கு லீவா?" என்றாள் பட்டுப் பிரிவிலிருந்து ரேகா. மாடி முழுவதும் சிரித்தது. கயல்விழியும் சிரித்தார், மேசையை மட்டும் எடுக்கவில்லை.

பிற்பகலில் லால்பேட்டையிலிருந்து மகளுடன் வந்த மூதாட்டி, இரண்டாவது சேலையைப் பிரிக்கும்போதே சலித்துக்கொண்டார். "நீயும் உக்காரும்மா. அண்ணாந்து பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது."

தமிழ்ச்செல்வி கயல்விழியைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் அமர்ந்தாள்.

அதன்பின் சொல்லாதவர்களைவிடச் சொன்னவர்களே மிகுதி. ஒன்று எஞ்சியிருந்தது: கயல்விழி கடந்து சென்றபோதெல்லாம் தமிழ்ச்செல்வி பழக்கத்தால் துள்ளி எழுந்தாள். அதற்கும் ஓர் ஆணை பிறந்தது. "என்னப் பாத்து எவளாச்சும் எழுந்தீங்க, அவளோட டீய நான் குடிச்சிடுவேன்." ஓரிரு முறை அவ்வாறே குடித்தும் விட்டார். அதன்பின் முக்காலிகளின் மேலிருந்த சேலைகள் ஒவ்வொன்றாக அலமாரிக்குத் திரும்பின.

பணியாளர் நலம் பற்றிப் பெரிய நிறுவனங்கள் கூட்டம் போட்டுப் பேசுகின்றன. வேலை செய்பவரின் உடம்பு எவ்விடத்தில் நோகிறது என்று பார்த்து, அவ்விடத்தில் கைவைத்தவர் கயல்விழி. முதலாளியின் தடையை அவர் எதிர்க்கவில்லை. அத்தடை நிற்பதற்கு இடமில்லாமல் செய்துவிட்டார்.

ஆடித் தள்ளுபடியின் கடைசி நாள், தமிழ்ச்செல்வி நிற்கிறாளா என்று பார்க்க முதலாளியே மாடிக்கு வந்தார். மூலை மேசையில் சேலைகள் விரிந்து கிடந்தன. எதிரே ஒரு மாமியாரும் மருமகளும். முதலாளியைக் கண்டதும் தமிழ்ச்செல்வி பதறி எழ முயன்றாள். அந்த மாமியார் அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"எங்க போற? இந்தக் கலர்லயே பார்டர் பெருசா ஒண்ணு காட்டு. இப்பத்தான் மனசுக்குப் புடிச்சிருக்கு."

தமிழ்ச்செல்வி அமர்ந்தாள். அம்மூலையில் நின்றுகொண்டிருந்தவர் முதலாளி ஒருவரே. கயல்விழி ஒரு முக்காலியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

"உக்காருங்கண்ணே. எத்தன நேரந்தான் நிப்பீங்க?"

முதலாளி அமரவில்லை. மாமியாரும் மருமகளும் ஆளுக்கொன்றாகச் சேலையை எடுத்துக்கொண்டு பணம் கட்டச் செல்லும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மாடிப்படியில் இரண்டடி இறங்கித் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு நிக்க வேணாம்."

"எதுலண்ணே? கடையிலயா, வேலைய விட்டா?"

"ரெண்டுலயுந்தான்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.