பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளாத வீட்டுக்காரம்மா

கோஸ்டா ரிக்கா என்று ஒரு நாடு இருக்கிறது. எங்கள் ராமநாதபுரம் பக்கத்தில் என் வயசுப் பொம்பளை ஒருத்தியும் அங்கே போனதில்லை. நான் போயிருக்கிறேன். ரெண்டு பிளேன் மாறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து போனேன். சும்மா ஊர் சுற்றப் போகவில்லை, டியூட்டியில்தான் போனேன்.

ஷார்ஜாவில் ஒரு பொம்பளைப் பிள்ளைகள் ஹாஸ்டலில் நான் ஆயாவாக இருக்கிறேன். அதற்கு முந்தி துபாயில் வீட்டு வேலை. ஹாஸ்டல் பிள்ளைகள் படிக்கிற காலேஜில் ஸ்பானிஷ் பாஷை ஒரு பாடம். அதைப் படிக்கிற பிள்ளைகளை லீவில் அந்த நாட்டுக்கே கூட்டிப்போய், அங்கேயுள்ள வீடுகளில் தங்கவைத்து, அந்த ஜனங்களோடேயே பேசிப் பழக விடுவார்களாம். காட்டைச் சுற்றிக் காட்டுவார்களாம். அதோடு கடற்கரையில் ஆமைக் குஞ்சுகளைக் காப்பாற்றும் வேலையும் செய்யவேண்டும், சம்பளம் இல்லாமல். ஸ்பானிஷ் டீச்சர் இதை எடுத்துச் சொன்னதும் பிள்ளைகளெல்லாம் குதித்தார்கள். பெற்றவர்கள் குதிக்கவில்லை. அரபி வீடு, மலையாளி வீடு, நம்ம வீடு எல்லாம் ஒரே பேச்சுத்தான். பெரிய பொம்பளை ஒருத்தி கூடப் போனால் அனுப்புகிறோம், இல்லாவிட்டால் மாஃபி, கிடையாது. அரபி வீட்டம்மா ஒருத்தர் என்னைக் கையைக் காட்டி, "இவர் போகட்டும்" என்றார். அப்படித்தான் எனக்குச் சீட்டு கிடைத்தது.

அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளை ஒன்றே ஒன்று. ராசல் கைமாவில் பிறந்து வளர்ந்தது. கடலில் உள்ள உயிர்களைப் பற்றிப் படிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளை. அதன் அப்பா கட்டட வேலையில் ஃபோர்மேன். துபாய் சோனாப்பூர் லேபர் கேம்பில் கூலியாக வந்து இறங்கி மேலே வந்தவர். ஏர்போர்ட்டில் என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, உங்கள நம்பித்தான் அனுப்புறேன். ஒரு சின்னச் சங்கடம்னு தெரிஞ்சாலும் அன்னைக்கே டிக்கெட் போட்டுருவேன். அதுக்கப்புறம் படிப்பு கிடிப்புன்னு எங்கயும் அனுப்பமாட்டேன், அவகிட்டயும் சொல்லிட்டேன்."

"என் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்குவேன் தம்பி" என்றேன்.

சொன்னால் சொன்னதுதான். பிளேன் ஏறும் முன்னாலேயே எல்லாப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டு, மஞ்சள் பையில் வைத்து என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். இமிக்ரேஷனில் மட்டும் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஆயாம்மா, நாங்க சின்னப் பிள்ளைங்களா?"

"வாய மூடிக்கிட்டு வரிசையில நில்லுங்கடி."

இறங்கினால் மழை. மழை என்றால் நம்ம ஊர் மழை இல்லை, ஷார்ஜாவில் வருஷத்தில் ஒரு நாள் பெய்து ரோட்டை மூழ்கடிக்குமே, அதுவும் இல்லை. யாரோ மேலே உட்கார்ந்துகொண்டு நிதானமாக ஊற்றிக்கொண்டே இருக்கிற மாதிரி. பஸ்ஸில் போகப் போக ரெண்டு பக்கமும் பச்சை. அதன் மேல் இன்னொரு பச்சை. மரத்தின் மேல் செடி முளைத்து, செடியின் மேல் பூ முளைத்து, அதன் மேல் பாசி. ஒரு வெறும் இடம் கண்ணில் படவில்லை. நான் பிறந்த இடம் கருவேலங்காடு, பிழைத்த இடம் மணற்காடு. இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் கொட்டிவிட்டு மற்ற இடங்களை எப்படி மறந்தாய் என்று சாமியிடம் கேட்கத் தோன்றியது. கோபத்தில் இல்லை. வாய் பிளந்துபோய்க் கேட்பது மாதிரி. ஒரு மரத்தின் கிளையில் சாக்குமூட்டை தொங்குகிறது என்று நினைத்தேன். மூட்டை கையை நீட்டியது. நீட்டின கை அடுத்த கிளையைப் பிடிப்பதற்குள் பஸ்ஸிலிருந்து எல்லாரும் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறியும் உட்கார்ந்துவிட்டோம். ஸ்லாத் என்று ஒரு பிராணியாம். அவசரமே படாமல் உயிரோடு இருக்கிறது.

கடலோரமாக ஒரு சின்ன ஊர். அங்கே போனதும்தான் கூட வந்த டீச்சர் சொன்னாள், வீட்டுக்கு ஒரு பிள்ளைதான். ரெண்டு பேரை ஒரே வீட்டில் விட்டால் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்களாம், பாஷை ஏறாதாம். எனக்கும் தனி வீடு. தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைத்த வீட்டுக்கும் எனக்குக் கிடைத்த வீட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை, ஓடைக்கு மேல் ஆடுகிற கயிற்றுப் பாலம்.

அந்த அப்பாவுக்கு என்ன பதில் சொல்வேன்? சரி, முறைப்படி ஒப்படைத்துவிட்டாவது வருவோம் என்று பிள்ளையை நானே கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரம்மாவுக்கு என்னைவிடக் கொஞ்சம் வயசு கம்மி. நல்ல உடம்பு, மாவு ஒட்டின கை. மகள்கள் கல்யாணம் கட்டிப்போய்விட்டார்கள், புருஷன் இல்லை. பிள்ளையைப் பார்த்ததும் கட்டி முத்தம் கொடுத்தாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

நான் மஞ்சள் பையைத் திறந்து பிள்ளையின் பாஸ்போர்ட்டை எடுத்தேன். கூடவே என்னுடையதையும் எடுத்தேன், அந்த வீட்டுக்கும் வந்துபோகப் போகிறவள்தானே நான். ரெண்டையும் ரெண்டு கையாலும் அவளிடம் நீட்டினேன்.

இது ஏன் என்று கேட்டால், எனக்கு அது கேள்வியே இல்லை. நான் வந்த காலத்தில் ஒரு வீட்டுக்குள் கால் வைத்தால் முதல் வேலை அதுதான். மேடம் கை நீட்டுவார், நாம் கொடுப்போம், அலமாரிக்குள் போகும், பூட்டு விழும். அப்புறம்தான் அடுப்படி எங்கே என்று காட்டுவார்கள். வேலை பார்த்த எல்லா வீட்டிலும் அப்படியே. ஊரில் ஒரு சாவு என்றால்கூட அந்த அலமாரி திறந்தால்தான் நாம் கிளம்பலாம். அதனால் மரியாதையான இடத்துக்கு வந்திருக்கிறோம், கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிடுவோம் என்று கொடுத்தேன்.

அவள் வாங்கினாள். திறந்து என் போட்டோவைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். பிறகு ஓடிப்போய் ஃபிரிட்ஜ் மேலிருந்து தன் அட்டை ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். அதில் அவள் போட்டோ. நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் முகம் காட்டிப் பழகுகிறோம் என்று நினைத்திருக்கிறாள். நான் தலையை ஆட்டி, அலமாரியைக் காட்டி, சாவி போட்டுப் பூட்டுகிற மாதிரி கையைத் திருப்பிக் காட்டினேன்.

அவளுக்குப் புரியவில்லை. பிள்ளைதான் முட்டி மோதி ஸ்பானிஷில் எடுத்துச் சொன்னது. சொல்லச் சொல்ல அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பிள்ளையின் கையை இழுத்து, உள்ளங்கையில் பாஸ்போர்ட்டை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். அப்புறம் என் கையிலும் அதே மாதிரி. மெதுவாக என்னவோ சொன்னாள்.

"என்னடி சொல்றா?"

"இது உங்களோடது, நான் எதுக்கு வெச்சுக்கணும்னு கேக்கறாங்க ஆயாம்மா."

என்னுடையதை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டேன். பாலத்தைத் தாண்டி வந்து மற்ற வீடுகளுக்கும் போய், அவரவர் பாஸ்போர்ட்டை அவரவர் கையில் கொடுத்தேன். மஞ்சள் பை இளைத்துப்போனது.

மறுநாள் பொழுது விடிகிற நேரம் நான் பாலத்தைப் பிடித்துப் பிடித்து அந்த வீட்டுக்குப் போகிறேன், வாசலிலேயே பிள்ளையின் அப்பா குரல் கேட்கிறது. நமக்கு விடியற்காலை என்றால் அவருக்குச் சாயங்காலம் மூணு மணி, உச்சி வெயில் ரெஸ்ட் முடிந்து சைட் தொடங்கும் நேரம். போனில் அவர் முகம் மட்டும் தெரிகிறது, மஞ்சள் ஹெல்மெட்டோடு.

"ஆயாம்மா வேற வீட்லயா? யாரு வீட்லயோ நீ தனியாவா படுத்த? கலாஸ், முடிஞ்சுது. நாளைக்கே கெளம்புற."

பிள்ளை கண்ணில் தண்ணீர் நிற்கிறது, விழவில்லை. "அப்பா, ப்ளீஸ்" என்கிறது.

"பாஸ்போர்ட் யாருகிட்ட இருக்கு? அத மொதல்ல சொல்லு."

"என்கிட்டதான்."

"அந்த வீட்டுக்காரங்க வாங்கி வெச்சுக்கலயா?"

"ஆயாம்மா குடுத்தாங்கப்பா. அவங்க வாங்கமாட்டேன்னு என் கையில திருப்பிக் குடுத்துட்டாங்க."

லைன் போய்விட்டதோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். ஹெல்மெட் அப்படியே இருந்தது.

"வாங்கமாட்டேன்னா?" என்றார். அவர் குரலா என்று இருந்தது.

நான் போனை வாங்கினேன். "ஆமா தம்பி. எனக்கே திருப்பிக் குடுத்துட்டா."

"என்னதான் இருந்தாலும் தெரியாத வீடு அக்கா அது."

"சோனாப்பூர்ல நீங்க வந்து படுத்த ரூம்ல எல்லாம் உங்க மாமன் மச்சானாத்தான் இருந்தாங்களோ?"

"நான் ஆம்பள."

"ஆம்பளைக்குப் பயமே இல்ல பாருங்க. மொத நாளு அழுகாம படுத்த ஆம்பள யாருன்னு அந்தக் கேம்புல கேட்டுப் பாப்போமா?"

அவருக்குப் பின்னால் யாரோ ஹிந்தியில் சத்தம் போட்டார்கள். அவர் சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. "அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறேன். அப்புறம் முடிவு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த வெள்ளி வருகிற வரைக்கும் பிள்ளையும் நானும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தோம். ஆனாலும் பார்க்கிற இடமெல்லாம் கண்ணை விரிய வைத்தது. காலையில் சோற்றையும் கறுப்புப் பயறையும் போட்டு வதக்கி, வாழைப்பழத்தைப் பொரித்துத் தருவார்கள். சீனிக்கு அவர்கள் சொல்வதும் அரிசிக்குச் சொல்வதும் கிட்டத்தட்ட அரபிதான். அசூக்கர், அரோஸ். சுக்கர், ருஸ் என்று நான் துபாய் அடுப்படியில் கற்றுக்கொண்டது இங்கே எப்படிக் கடல் தாண்டி வந்தது என்று கரண்டியோடு நின்றுவிட்டேன். குழாயைத் திறந்தால் மலைத்தண்ணீர். அப்படியே குடிக்கிறார்கள். நான் முதல் நாள் தண்ணீர் பாட்டில் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளின் வேலை கடற்கரையில். ஆமை போட்டுவிட்டுப் போன முட்டைகளை எடுத்துவந்து, வேலி போட்ட இடத்தில் குழி தோண்டிப் புதைத்துக் காக்கவேண்டும். குழி நம்ம பானை மாதிரி இருக்கவேண்டும், கழுத்து ஒடுக்கமாக, வயிறு அகலமாக. தோள்வரைக்கும் மணலில் கையை விட்டு இந்தப் பிள்ளைகள் தோண்டுவதைப் பார்க்கவேண்டும். ஹாஸ்டலில் படுக்கை விரிப்பை மாற்றச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிற பிள்ளைகள்! தமிழ்ப் பிள்ளை நாள் போகப் போக அந்த ஊர்ப் பொம்பளைகளோடு பேச ஆரம்பித்தது. முதலில் ஒரு சொல், பிறகு ரெண்டு, பிறகு கை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சண்டை. என்ன சண்டை என்று கேட்டால், நண்டைத் துரத்துவது யார் முறை என்பதாம்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஒரு குழியில் மணல் உள்ளே இறங்கியது. கொதிக்கிற உலை மாதிரி மணல் அசைந்தது. ஒரு மூக்கு. அப்புறம் ஒரு துடுப்பு. அப்புறம் எண்ணவே முடியாது, கறுப்புக் கறுப்பாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் பாதி இருக்கும். அவற்றுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அம்மா எப்போதோ போய்விட்டது. ஆனாலும் கடல் எந்தப் பக்கம் என்று தெரிகிறது. நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். கோயிலில் கழற்றுவோமே, அப்படி, என்னை அறியாமல்.

தட்டில் எடுத்துவந்து ஈர மணலில் விட்டார்கள். அதற்கப்புறம் கை வைக்கக்கூடாது. தானாக நடந்து போகவேண்டும். நடந்த கரை அவற்றுக்கு ஞாபகம் இருக்குமாம், பெரிதாகித் திரும்ப வருவதற்கு. பிள்ளைகள் ரெண்டு பக்கமும் நின்று பறவைகளை மட்டும் விரட்டினார்கள்.

பிள்ளையின் போன் என்னிடம் இருந்தது. அடித்தது. ஹெல்மெட் முகம்.

"எங்க அவ?"

போனைத் திருப்பிக் காட்டினேன்.

"எல்லாம் உயிரோடயா இருக்கு?" என்றார்.

"ஆமா தம்பி."

"இம்புட்டா?" என்றார். அப்புறம், "அக்கா, அக்கா, அந்த ஓரத்துல ஒண்ணு மல்லாக்கக் கெடக்கு. அவளப் பாக்கச் சொல்லுங்க, ஜல்தி!"

பிள்ளை அதன் பக்கத்திலேயே குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தொடவில்லை.

"ஏன் தூக்கிவிட மாட்டேங்குறா? தூக்கச் சொல்லுங்கக்கா! ஏய், தூக்குடி!"

பிள்ளை நிமிரவே இல்லை. கையை மட்டும் எங்கள் பக்கம் நீட்டி, "எஸ்பேரா!" என்றது, ஊர்ப் பொம்பளைகள் சொல்வதுபோலவே. அப்பாவிடம் பேசுகிறோம் என்று அதற்கு நினைப்பே இல்லை.

"என்ன சொல்லுறா?"

"பொறுக்கச் சொல்லுது."

அவர் பொறுத்தார். நானும் பொறுத்தேன். அந்தக் குஞ்சு துடுப்பை மணலில் ஊன்றி ஊன்றிப் பார்த்தது, முடியவில்லை. அலை ஒன்று மெல்ல வந்து நுனியால் தொட்டது. புரண்டது. நின்றது. ஏதோ யோசிப்பதுபோல் இருந்தது. அடுத்த அலையில் அதைக் காணோம்.

"போயிருச்சா?"

"போயிருச்சு தம்பி."

போனை என் பக்கம் திருப்பினேன். அவருக்குப் பின்னால் யாரோ, "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கத்தினார்கள். பஸ்ஸோ லாரியோ ஹாரன் அடித்தது. அவர் நகரவில்லை.

"அவகிட்டக் குடுக்கவா? வெள்ளிக்கெழம முடிவு சொல்றேன்னீங்களே."

"வேணாங்க்கா, கூப்பிடாதீங்க. டியூட்டியில இருக்கா" என்றார். ஹெல்மெட்டின் வாரைத் தாடைக்குக் கீழே மாட்டிக்கொண்டார். "முழுசா முடிச்சிட்டே வரட்டும்."