ஆம்பூரில் ஒரு காந்தச் சங்கிலி

காந்த ஆராய்ச்சிக்குப் பொறுமை போதும் என்பார்கள். தோல் பதனிடும் ஊரின் நாற்றத்தில் அதைச் செய்கிறவனுக்கு நிரந்தர ஜலதோஷமும் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்து நொந்தவர்களுக்கு இது புரியும்.

எண்பதுகளில் ஆம்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளன் நான். ஆராய்ந்தது ஒரு செம்பு உப்பு. அதில் அணுக்கள் சங்கிலியாகக் கோத்து நிற்கும். ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம், பக்கத்துக் காந்தத்துக்கு எதிராகத் திரும்பும். குளிர வைத்தால் காந்த குணம் ஏறி, பிறகு இறங்க வேண்டும். இறங்குவதைக் காட்டினால் பட்டம்.

பிரயோஜனம்

எங்கள் கல்லூரிக் கரஸ்பாண்டென்ட், தோல் பதனிடும் டேனரி ஒன்றின் முதலாளி. காந்தத் துருவங்களுக்கிடையே தராசில் தொங்கும் உப்புக் குப்பியை ஆட்டிப் பார்த்து, இது தோலுக்கு உதவுமா என்றார். உதவாது என்று ஒப்புக்கொண்டேன். "அப்ப இன்னாத்துக்கு சார் இவ்ளோ கரண்ட்டு?"

காளை டிப்போ

குளிர வைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அது இருந்த ஒரே இடம் மாட்டாஸ்பத்திரி. காளை விந்தை அதில்தான் உறைய வைப்பார்கள். முதுகலைப் பட்டதாரி நான், பிளாஸ்க்கோடு பசுக்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். கம்பவுண்டர் கையை ஆட்டினார். "ஓரமா நில்லுங்க சார், உங்க காந்தம் நாளைக்கும் இருக்கும். மாட்டுக்கு இன்னிக்குத்தான் பருவம்."

வால்

மூன்று வருஷம் அளந்தேன். வரைபடத்தில் கோடு ஏறியது, இறங்கியது, கடைசியில் வால் மாதிரி மறுபடி ஏறியது. எந்தக் கணக்கிலும் இல்லாத வால். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சென்னையில் என் வழிகாட்டிப் பேராசிரியர் துள்ளினார். "வால வுட்டுடாதய்யா, அதான் புதுசு!"

கேன்

கல்லூரியில் காய்ச்சி வடித்த நீர் கிடையாது. டேனரி லேபிலிருந்து அவர்கள் கேனிலேயே வாங்கி வந்துதான் உப்பைக் கரைத்தேன். கேனைத் திருப்பி எடுத்துப்போக வந்த ரஹீம் பாய், அங்கே தோலைப் பதனிடக் குரோம் உப்பு கலக்கிறவர். நீலமாக இருக்க வேண்டிய என் பொடியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். பச்சை ஓடியது. குரோமும் காந்த குணம் உள்ளது. சங்கிலியில் சேராமல், குளிரக் குளிர ஏறிக்கொண்டே போகும். வால் அதனுடையது. ஆறாவது படித்தவர் ஒரு நொடியில் சொன்னதை நான் மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லையோ? "இன்னா சார், அது குரோம் கேனாச்சே, கழுவாமயா ஊத்துனீங்க?"

கடைசிக் கேள்வி

அடுத்த பஸ்ஸிலேயே சென்னை போய் வழிகாட்டியிடம் சொன்னேன். திரும்ப அளக்க இன்னும் மூன்று வருஷம் ஆகும். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

இன்றுவரை சொல்லவில்லை, வீட்டு வாசலில் டாக்டர் என்று பொறித்த பித்தளைப் பலகை அவ்வப்போது பச்சை பூக்கிறது, நானேதான் புளி போட்டுத் தேய்க்கிறேன்.