புளிச்சோறும் ஒரே ஒரு ஃபைலும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆரணியிலிருந்து போன். தனசேகர். பட்டுச் சேலை நெய்கிறவர்.

"சார், கம்ப்யூட்டர் போயிடுச்சி."

இந்தப் பத்தியை எழுதி உங்களைப் படுத்துகிற நேரம் போக, நான் சாஃப்ட்வேரும் எழுதுகிறவன். சேலை பார்டரைத் திரையில் வரைகிற சாஃப்ட்வேரை அவருக்கு எழுதிக் கொடுத்த புண்ணியவான் நானே.

அவர் நிதானமாகத் தொடர்ந்தார். புதுசு வாங்கிவிட்டாராம். பென் டிரைவில் இருந்த என் ஃபைலை அதில் போட்டாராம். டபுள் கிளிக் பண்ணினாராம். திறந்துகொண்டதாம். சொல்லணும்னு தோணிச்சாம்... அவ்வளவுதான்.

இதற்குப் போய் ஒருவன் கண் கலங்குவானா? கலங்கினேன்.

மூன்று வருடம் முன்பு அதே சாஃப்ட்வேரை ஒரு சிடியில் போட்டுக்கொண்டு, அவர் வீட்டில் இன்ஸ்டால் செய்யப் போனேன். நாள் பார்த்துத்தான் போனேன் — அமாவாசை. தறியைத் தொடாத நாள். வீடு அமைதியாக இருக்கும், தனசேகரும் ஃப்ரீ. என்ன ஒரு பிளானிங் என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை வெம்பாக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வருவதாக இருந்தது. முகூர்த்தப் புடவை, கூடவே சொந்தக்காரர்களுக்குச் சில சேலைகள். டிசைனைத் திரையிலேயே காட்டுகிறேன் என்று தனசேகர் சொல்லியிருந்தார். என்னை நம்பி, வழக்கமாகக் கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்து தருகிறவரையும் வேண்டாம் என்றுவிட்டார். காட்ட ஒன்றும் இல்லையென்றால் அவர்கள் நேரே காஞ்சிபுரம் பஸ் ஏறிவிடுவார்கள். தறி சும்மா நிற்கும்.

சிடியைப் போட்டேன். இன்ஸ்டால் ஆனது. கிளிக் செய்தேன். ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்றது. பையில் இருந்த இன்னொரு சிடியில் தேடிக் கொடுத்தேன். வேறொன்று இல்லை என்றது. அதையும் கொடுத்தேன். மூன்றாவது என்னிடமே இல்லை. இன்டர்நெட்டில் எடுக்கலாம் என்று பிரவுசிங் சென்டருக்கு ஓடினால் — பூட்டு. அதை நடத்துகிறவரும் நெசவுக் குடும்பம். அமாவாசை. என் பிளானிங்கின் மகிமை அந்தப் பூட்டின் முன்னால்தான் முழுசாக விளங்கியது.

திரும்பி வந்தேன். தனசேகர் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். திட்டியிருக்கலாம். அவர் மனைவி மல்லிகாதான் கேட்டார்.

"உங்க வீட்ல ஓடுதுன்னீங்களே, அங்க மட்டும் எப்டி ஓடுது?"

அதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் முன்பே இருக்கின்றன என்றேன். இவருக்கு எங்கே புரியப்போகிறது என்ற மிதப்பு வேறு.

"அப்ப வெறும் சோத்தக் கட்டிகினு வந்துட்டு, உப்பு, ஊறுகாய்லாம் போற வீட்ல இருக்கும்னு நெனச்சிகினு இருக்கீங்க. நாங்க தேவிகாபுரம் கோயிலுக்குப் போனா எலையக்கூட கட்டிகினுதாங்க போவோம்."

நான் படித்த தடித்தடிப் புத்தகங்களில் ஒன்றுகூட இதை இப்படிச் சொல்லவில்லை. என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது என்பது, என் வீட்டில் நான் புத்திசாலி என்பது மாதிரி. அடுத்த வீட்டில் செல்லுமா?

காலையில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, மதிய பஸ்ஸில் சென்னைக்குக் கிளம்பினேன். மல்லிகா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். வழியில் பிரித்தேன். புளிச்சோறு, துவையல், தனியாக மடித்த ஊறுகாய், வாழையிலை, கை துடைக்கக் காகிதம். யாரிடமும் எதற்கும் கை நீட்ட வேண்டாம். வீட்டுக்குப் போனதும் சாஃப்ட்வேரையும் அதே மாதிரி கட்டினேன். வேண்டியதெல்லாம் உள்ளேயே திணித்த ஒரே ஃபைல். இன்ஸ்டாலே கிடையாது.

மறுநாள் முதல் பஸ். எனக்கு முன்னால் கல்யாண வீட்டார் வந்துவிட்டார்கள். மல்லிகா இரண்டாவது காபி கொடுத்து அவர்களைப் பிடித்து வைத்திருந்தார். காஞ்சிபுரம் பஸ் எத்தனை மணிக்கு என்று பெண்ணின் அப்பா விசாரித்துக்கொண்டிருந்தது வாசலிலேயே காதில் விழுந்தது. பென் டிரைவைச் சொருகினேன். டபுள் கிளிக்...

திறந்தது.

பார்டரில் இருந்த அன்னத்தைக் கொஞ்சம் பெரிசாக்க முடியுமா என்றாள் கல்யாணப் பெண். ஆக்கினேன். மயில் கழுத்து நிறத்தில் பார்க்கணும் என்றாள். காட்டினேன். அப்பா பஸ்ஸை மறந்தார். தறி ஓடியது.

அன்றிலிருந்து நான் எழுதிக் கொடுத்த எதுவும் போன இடத்தில் உப்பு கேட்டதில்லை. அந்த நன்றிதான் போன ஞாயிறு கண்ணில் வந்தது. தனசேகர் பேசி முடித்ததும் மல்லிகா போனை வாங்கினார்.

"புதுக் கம்ப்யூட்டர் ஒண்ணுமே கேக்கலைங்க சார்."

நான்தான் கேட்டேன்... ஆரணிப் பக்கம் வந்தால் புளிச்சோறு கிடைக்குமா என்று!