விழுப்புரத்துக்குக் காரில் போகாத நாள்

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. காலை ஆறரை மணிக்கு முதன்முதலாகக் கேட்ட அந்தச் சத்தத்தை ஒன்பது மணிக்குள் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். என் மாமனாரோ ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் காலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் திண்டிவனத்தில் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். கணவருக்கு நெய்வேலியில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். தட்டச்சு ஹையர் தேறிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு, விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்திலிருந்து நேர்காணலுக்குக் கடிதம் வந்திருந்தது. பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். ஏழு மணி பஸ்ஸில் போய்விடுகிறேன் என்று முதல் நாளே சொன்னேன். மாமனார் கேட்கவில்லை.

“வீட்டுல காரை வச்சிக்கினு, இன்டர்வியூவுக்குப் போற பொண்ணை பஸ்ஸுல கசங்க விடுறதா? நான் இட்டுக்கினு போறேம்மா” என்றார்.

அந்தக் கார் எட்டு மாதமாகக் கொட்டகையை விட்டு நகரவில்லை. ஏன் எடுப்பதில்லை என்று யாராவது கேட்டால், ஒரு நாள் வெயில் என்பார், ஒரு நாள் ரோடு சரியில்லை என்பார். அவர் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வேலையானாலும் ஒரு மூலையில் ஆரம்பித்து அளந்துகொண்டேதான் வருவார்; நடுவில் தாவ மாட்டார். காரையும் அப்படித்தான் பார்த்தார். முதலில், போன மாதம் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த பேட்டரி. அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்தார். ‘டக்.’ டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினார். ‘டக்.’ ஹெட்லைட்டைப் போட்டார். சுவர் முழுக்கப் பளீரென்று வெளிச்சம் விழுந்தது. ஹார்னை அழுத்தினார்; பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

“பேட்டரி நல்லாத்தானே இருக்குது மாமா? கோளாறு வேற எங்கியோதான்” என்றேன்.

“அவசரப்படாதம்மா. ஒண்ணொண்ணாத்தான் வரணும்.”

ஏழு மணி பஸ் போயிற்று. ஏழரை பஸ்ஸும் போயிற்று. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றலாமென்றால் ஹேண்டிலைக் காணவில்லை. தள்ளிப் பார்க்கலாமென்றால் கொட்டகையைவிடத் தெரு உயரம். தள்ளி ஏற்ற நாலு ஆள் வேண்டும். தெருவிலிருந்த ஆண்கள் எல்லாரும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போயிருந்தார்கள். ஸ்டார்ட்டர்தான் இறுகிவிட்டது என்று தீர்மானித்து, அவர் கீழே படுத்துச் சுத்தியலால் அதைத் தட்ட, நான் சாவியைத் திருப்ப, மறுபடியும் ‘டக்’. இறங்கி வந்து டார்ச் பிடித்தபோது, நேர்காணலுக்கென்று கட்டியிருந்த புடவையின் கொசுவத்தில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“எனக்கு இந்த வேலை வேணும் மாமா. உங்களுக்கு வண்டி கிளம்பினா போதும். நான் போய்ச் சேர்றதைப் பத்தி இங்க யாருக்கும் கவலையில்ல” என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

அவர் காருக்கு அடியிலிருந்து எழுந்து, கையில் சுத்தியலோடு அப்படியே நின்றார். காலையிலிருந்து சமையலறை வாசலில் ஒரு வார்த்தை பேசாமல் நின்றிருந்த என் மாமியார் அப்போதுதான் கொட்டகைக்குள் வந்தார்.

“என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல பட்டையா ஒரு ஒயர் இருக்குமாம். அது கழண்டிருக்குது. மெக்கானிக்கை வுட்டு நான்தான் கழட்டச் சொன்னேன். ஹேண்டிலு மல்லாட்டை மூட்டைக்குள்ள கீது” என்றார்.

மாமனார் குனிந்து தேடிக் கண்டுபிடித்து, அந்த ஒயரை ஸ்பேனரால் முடுக்கினார். சாவியைத் திருப்பியதும் என்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றி, புகையைக் கக்கிக்கொண்டு உறுமியது. அவர் முகத்தில் வெற்றி தெரிந்தது.

“ஏறும்மா.”

“ஏறாத” என்றார் அத்தை. “எட்டு மாசத்துக்கு முன்னாடி செஞ்சியிலிருந்து வந்துக்கினு இருக்கும்போது இவருக்குக் கண்ணு இருட்டிக்கினு வந்து, வண்டி கேப்பைக் கொல்லையில எறங்கிடுச்சு. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். புள்ளைங்க கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. வாயாலதானே சொல்லக்கூடாது? அதான் ஒயரைக் கழட்டினேன்.”

என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மாமனார் என்னைப் பார்த்தார். “அது ஒரே ஒரு தபாதான். நீ சொல்லும்மா, வர்றியா?”

எனக்கு இருவர் மேலும் கோபம். மறைத்த அவர் மேல். இரண்டரை மணி நேரம் என்னை டார்ச் பிடிக்க விட்டுவிட்டு வேடிக்கை பார்த்த அத்தை மேலும். “வரலை மாமா, பஸ்ஸுல போறேன்” என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தேன். பஸ் நிலையத்தில் ஏறிய பிறகுதான் கவனித்தேன். பின்படியில் அவரும் ஏறியிருந்தார். கையைக்கூடக் கழுவியிருக்கவில்லை. வழி முழுக்க நின்றுகொண்டே வந்தோம்.

விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். பெயர் கூப்பிட்டாகிவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார் அதிகாரி. நான் திரும்பிவிட்டேன். மாமனார் திரும்பவில்லை. மேசைக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, நில அளவை வாசிப்பவர்போல ஒரே சீரான குரலில் சொன்னார்:

“சார், எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வருது. வண்டி ஓட்டக்கூடாத ஆளு நானு. அதை வீட்டுல மறைச்சேன். அதனாலதான் இந்தப் பொண்ணுக்கு நேரமாயிடுச்சு. அது காலையில ஆறு மணிக்கே ரெடி.”

பெற்ற பிள்ளையிடம் சொல்லாததை, பெயர் தெரியாத ஒருவரிடம் அவர் சொன்னார். அதிகாரி கொஞ்ச நேரம் அவருடைய கறுத்த கைகளைப் பார்த்தார். பிறகு, மூலையிலிருந்த டைப்ரைட்டரை எனக்குக் காட்டினார். அந்த அலுவலகத்தில்தான் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் மாமனார் கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, “நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போறேன். நீயும் வா” என்றார் அத்தையிடம்.

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“பஸ்ஸுலதானே?”